ஓடும் காரின் எஞ்சின் நெடுஞ்சாலையில் நின்றுபோவது ஏன்? செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

நீலாய் சந்திப்பைத் தாண்டி சிரம்பான் நோக்கி மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சின் திடீரென நின்றுபோனால், என்ன நடந்தது என்று ஓட்டுநர் புரிந்துகொள்ள மூன்று வினாடி ஆகும். அதற்குள் 90 மீட்டர் போய்விடும். நம் தோட்டத்துக் கால்பந்துத் திடலின் ஒரு கோலிலிருந்து மறு கோல் வரைக்குமான தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்னால் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தாலும், தொழிற்சாலை பஸ் வந்தாலும், முன்னால் போகும் கார் நின்றுகொண்டிருக்கிறது என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரியாது. பிரேக் போட்டால்தானே பிரேக் விளக்கு எரியும்? எஞ்சின் நின்றுபோனதைக் காட்ட காரின் பின்புறத்தில் எந்த விளக்கும் இல்லை.

ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், கெமாஸ் பக்கமிருந்து நீலாய்க்கும் செனாவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் தினம் வேலைக்குப் போய் வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தோட்டத்தில் வேலை குறைந்த பிறகு, பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கார் என்பது ஆடம்பரமில்லை, சம்பளத்துக்கான வழி. அந்தக் கார் பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்ற கார். அதனால்தான் இந்த விஷயம் புதுக் கார் வாங்குகிறவர்களைவிட நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

சாலையில் வண்டி நின்றுபோனால் நாம் வழக்கமாகக் கேட்கும் பதில் என்ன? "வண்டி பழசாச்சு தம்பி, அப்படித்தான் இருக்கும்." பட்டறையில் போமன் பேட்டரியைப் பார்ப்பார், பிளக்கைக் கழற்றித் துடைப்பார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். "ஒண்ணுமில்ல, கொண்டு போங்க" என்பார். நாமும் கொண்டுபோவோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் நிற்கும். ஓடும்போது நின்றுபோகும் கார் தொல்லை தருகிற கார் மட்டுமில்லை, ஆளைக் கொல்லக்கூடிய கார். அந்த வேறுபாட்டை உலகத்தின் மிகப் பெரிய கார் நிறுவனம் ஒன்றே ஒரு காலத்தில் பார்க்கத் தவறியது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் நம் வாசலுக்கே வந்த பிரச்சினை.

எஞ்சின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. இந்த மூன்றும் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும். காற்று திடீரென நிற்பது அரிது. திடீரென நிற்பது பெட்ரோலும் தீப்பொறியும்தான். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கும். கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். இன்றைய கார்களில் அது பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பல கார்களில் பின் சீட்டைத் தூக்கி, அதன் கீழே உள்ள மூடியைத் திறந்தால்தான் அதைப் பார்க்க முடியும். சின்ன மின்மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றைச் சுழற்றும். அந்தச் சக்கரம் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் 'ம்ம்ம்' என்று ஓரிரு வினாடி கேட்குமே, அந்தச் சத்தம் இதுதான்.

ஜப்பானின் டென்சோ நிறுவனம் டொயோட்டா, ஹோண்டா, சுபாரு உட்படப் பல கார் நிறுவனங்களுக்கு இந்தப் பம்ப்பைச் செய்து கொடுக்கிறது. சில ஆண்டுகளில் தயாரான பம்ப்களில் அந்தப் பிளாஸ்டிக் சக்கரம் சரியாக வார்க்கப்படவில்லை. பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைவாக இருந்தது. அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக் பெட்ரோலை உறிஞ்சும். மழையில் நனைந்த மரக்கதவு உப்பிக்கொண்டு நிலையில் உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கேயும். பெட்ரோலில் ஊறிய சக்கரம் கொஞ்சம் உப்பும், உருவம் மாறும், பம்ப்பின் உட்சுவரில் உரசும். உரசினால் வேகம் குறையும். ஒரு நாள் இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றுவிடும். பெட்ரோல் தொட்டி நிறைய இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது.

டொயோட்டா 2020 ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துப் பம்ப்பை மாற்றத் தொடங்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் உலக அளவில் அந்த எண்ணிக்கை 58 லட்சத்தைத் தாண்டியது. ஹோண்டாவும் பல கட்டங்களாக அழைத்தது. 2023 டிசம்பரில் அறிவித்த ஒரே கட்டத்தில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 45 லட்சம் கார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 ஜூலையில், ஜப்பானின் தொத்தோரி மாநிலத்து விரைவுச்சாலையில் ஹோண்டாவின் சின்னக் கார் ஒன்று ஓடும்போதே நின்றுபோனது. பின்னால் வந்த வாகனம் மோதியதில் ஒருவர் இறந்தார். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சக்கரத்தால் போன உயிர் அது.

மலேசியாவில் ஹோண்டா நிறுவனம் இதே பம்ப்புக்காகப் பலமுறை திரும்ப அழைப்பு விடுத்திருக்கிறது. சிட்டி, ஜாஸ், எச்ஆர்-வி, சிவிக், சிஆர்-வி, அக்கோர்ட் என்று நம் சாலையில் அன்றாடம் பார்க்கும் கார்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை வெகுதூரத்தில் செய்யப்பட்டவையும் இல்லை. நெகிரி எல்லையைத் தாண்டினால் வரும் அலோர் காஜா மாவட்டத்துப் பெகோ தொழிற்சாலையில் பூட்டப்பட்ட கார்கள். டொயோட்டாவும் இங்கே பம்ப் மாற்ற அழைத்தது. பெரோடுவாவும் குறிப்பிட்ட சில மாதங்களில் தயாரான கார்களுக்குப் பம்ப்பை இலவசமாக மாற்றித் தந்தது. ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் எல்லாக் காருக்கும் இந்தக் கோளாறு கிடையாது. எந்தத் தேதியில் செய்த கார், எந்தப் பம்ப் பூட்டிய கார் என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிட்டி நன்றாக ஓடுகிறது என்பதற்காக நம் சிட்டியும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பம்ப் சாவதற்கு முன் சில சமயம் சைகை காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீண்ட நேரம் இழுக்கும். நின்ற நிலையில் எஞ்சின் நடுங்கும். லெக்காஸ் நெடுஞ்சாலையில் மந்தின், செத்துல் பக்கம் மலை ஏறும்போது, காரில் ஐந்து பேரும் ஏர்கோனும் இருக்க, எண்ணெயை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காமல் திணறும். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியும். எந்தச் சைகையும் இல்லாமல் நிற்பதும் உண்டு.

இப்போது அந்தப் பெரிய நிறுவனத்தின் கதை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற கோபால்ட் முதலிய சின்னக் கார்களில், சாவி போடும் சுவிட்சுக்குள் இருந்த ஒரு ஸ்பிரிங் பலவீனமானது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, மேடு பள்ளத்தில் குலுங்கினாலோ, முழங்கால் பட்டாலோ சாவி தானே ஒரு கட்டம் பின்னால் திரும்பிவிடும். எஞ்சின் நிற்கும். ஸ்டியரிங் கனக்கும். அதைவிட மோசம், சாவி அந்தக் கட்டத்தில் இருக்கும்போது காற்றுப்பையும் வேலை செய்யாது. கார் மோதும், பை விரியாது.

ஓடும்போது கார் நிற்கிறது என்ற புகார்கள் அந்த நிறுவனத்துக்கு 2014-க்குப் பத்தாண்டுகள் முன்பே வந்திருந்தன. பொறியியலாளர்கள் கூடிப் பேசினார்கள். பேசிவிட்டு, இதை 'வாடிக்கையாளர் வசதி' பற்றிய குறை என்று வகைப்படுத்தினார்கள். ஸ்டியரிங் திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது, ஓட்டுநர் ஓரங்கட்டிவிடலாம், ஆகவே இது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்பது அவர்கள் கணக்கு. நம் பட்டறையில் கேட்கும் "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான், கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு சொன்ன பதில். 2014 பிப்ரவரியில்தான் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். எண்ணிக்கை 26 லட்சம் வரை போனது. பிறகு அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2015-இல் நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது. மாற்றுச் சுவிட்ச் வரும் வரை அந்தக் கார்க்காரர்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை எளிமையானது: சாவிக்கொத்தில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கார் சாவியை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள்.

அந்தக் கார்கள் நம் ஊரில் ஓடவில்லை. ஆனால் அந்த யோசனை நமக்கும் பொருந்தும். வீட்டுச் சாவி, கேட் சாவி, மோட்டார் சைக்கிள் சாவி, கடைச் சாவி, அதோடு கனமான வேல் டாலர் ஒன்று. இத்தனையும் தொங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து வருடம் ஆடினால் எந்தச் சுவிட்சும் தேயும். வேலை டேஷ்போர்டில் ஒட்டி வைத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவை இரண்டும் நிறுவனம் செய்த தவறுகள். வயதாவதால் வரும் காரணங்களும் உண்டு. அவற்றில் மிகவும் ஏமாற்றுவது கிராங்க் சென்சார் என்ற சின்னப் பொருள். எஞ்சின் சுழல்கிறதா, எந்த நிலையில் சுழல்கிறது என்பதைக் காரின் கணினிக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் வராவிட்டால் கணினி பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். பழசான சென்சார் சூட்டில் செயலிழக்கும், ஆறினால் திரும்ப வேலை செய்யும். சிரம்பானிலிருந்து தம்பின் போகும் வழியில் பட்டப்பகலில் நின்ற கார், இழுவை வண்டி வருவதற்குள் ஆறிவிடும். பட்டறையில் சாவியைத் திருப்பினால் பட்டென்று ஸ்டார்ட் ஆகும். "ஒண்ணுமில்ல" என்ற பதில் பிறப்பது இங்கேதான். போமனைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் முன்னால் வண்டி நிற்கவில்லையே. ஆகவே நின்ற நேரத்தில் நாம் கவனித்துச் சொல்வது முக்கியம். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது? நின்றபோது டேஷ்போர்டு விளக்குகள் எரிந்தனவா, அல்லது எல்லாமே இருண்டுவிட்டதா? ரேடியோ பாடிக்கொண்டிருந்ததா? திணறித் திணறி நின்றதா, சுவிட்சை அணைத்ததுபோல் ஒரேயடியாக நின்றதா?

ரேடியோ பாடிக்கொண்டே இருந்து, சிவப்பு விளக்குகளெல்லாம் எரிந்தால், மின்சாரம் இருக்கிறது; பம்ப், சென்சார் பக்கம் தேட வேண்டும். எல்லாம் ஒரே நொடியில் இருண்டால் பேட்டரி இணைப்பு, சாவி சுவிட்ச், வயர் இவற்றில் ஒன்று. இதில் நம்மவர்கள் கார்களுக்கென்றே ஒரு சிறப்புக் காரணம் உண்டு. வெளிக் கடையில் பூட்டிய அலாரம், எஞ்சினை முடக்கும் திருட்டுத் தடுப்புக் கருவி, பெரிய சவுண்ட் சிஸ்டம். இவற்றைப் பூட்டும்போது சாவி சுவிட்சுக்குப் போகும் வயரை வெட்டி டேப் சுற்றி இணைத்திருப்பார்கள். திருடன் வந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக வைத்த ரிலே, பத்து வருடம் கழித்துத் திருடன் இல்லாமலேயே நிறுத்திவிடும். பழைய கார் வாங்கியவர்களுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. காரணம் தெரியாமல் நிற்கும் காரில் அதை முதலில் தேடச் சொல்லுங்கள்.

சிவப்பு பேட்டரிப் படம் எரிந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். அப்போது எஞ்சின் உடனே நிற்காது. பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் கொஞ்ச நேரம் ஓடும். ஏர்கோன், ரேடியோவை அணைத்துவிட்டு அடுத்த வழியில் வெளியேறிவிட வேண்டும். "வீடு போய்ச் சேர்ந்துடலாம்" என்று பெடாஸ் லிங்கியைத் தாண்டிப் போகிறவர்கள் இருட்டில் விளக்கும் இல்லாமல் நிற்பார்கள்.

பழைய சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில் வைத்திருப்பவர்கள் டைமிங் பெல்ட்டை மறக்கக்கூடாது. ரப்பர் பெல்ட் அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சினில் அது அறுந்தால் உள்ளே வால்வுகள் வளைந்து, பெல்ட்டின் விலையைப் போல் பல மடங்கு செலவு வைக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பற்றி ஒன்று. தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப்பை, சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் குளிர்விக்கிறது. எப்போதும் சிவப்புக் கோட்டில் ஓட்டினால் பம்ப் சூடேறிச் சீக்கிரம் கெடும். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று ஊற்றி ஓட்டுவது யாருக்கும் ஆசையில்லை என்பது தெரியும். சம்பளம் வரும் வாரத்தில் கால் தொட்டிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டாலே பம்ப்பின் ஆயுள் கூடும்.

சரி, எஞ்சின் நின்றேவிட்டது. என்ன செய்வது?

முதலில், சாவியைத் தொடாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்வது சாவியை முழுக்க அணைத்துத் திரும்பப் போடுவது. சாவியைக் கடைசி வரை திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பூட்டினால் அடுத்தது தடுப்புக் கம்பிதான். அபாய விளக்கைப் போடுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது ஒன்றுதான் செய்தி. காருக்கு வேகம் இருக்கும்போதே இடப்பக்கம் நகரத் தொடங்குங்கள். சமதரையில் கார் தன் வேகத்திலேயே பல நூறு மீட்டர் உருளும். அந்த உருளும் தூரம்தான் கையில் உள்ள சேமிப்பு. அதை நடுப்பாதையில் நின்று சாவியைத் திருப்பிச் செலவழிக்கக்கூடாது.

ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பலமாகத் திருப்ப வேண்டும். மின்சார ஸ்டியரிங் உள்ள காரில் பேட்டரி இருக்கும் வரை லேசாகவே இருக்கக்கூடும். பிரேக்கும் பிடிக்கும். ஆனால் எஞ்சின் தரும் உதவி நின்றுவிட்டதால், இரண்டு மூன்று முறை மிதிப்பதற்கான பலம் மட்டுமே சேமிப்பில் இருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அது தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். தேவைப்படும்போது ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். அவசரப் பாதைக்கு நகரும் முன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது நம் நாட்டில் மிகமிக அவசியம். வேலை முடிந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் அந்த ஓரத்தில்தான் வரும். அதில் வருகிறவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆட்டோ கியர் என்றால், ஓரத்துக்கு வந்துகொண்டிருக்கும்போதே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். வேகம் இருக்கும்போது 'பி' நிலைக்குத் தள்ளக்கூடாது. மேனுவல் என்றால் கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்யலாம். ஸ்டார்ட் ஆனாலும் அதே வேகத்தில் பயணத்தைத் தொடராமல் அடுத்த வழியில் வெளியேறுங்கள்.

கார் நின்ற பிறகு காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் அதிக ஆபத்து. மழை என்றோ, வெயில் என்றோ, குழந்தை தூங்குகிறது என்றோ உள்ளேயே இருந்துவிடுகிறோம். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய், காரிலிருந்து தள்ளி, வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தபடி நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று தள்ளுவதும், பானெட்டைத் திறந்து மூன்று பேர் எட்டிப் பார்ப்பதும் நெடுஞ்சாலையில் வேண்டாம். முக்கோணப் பலகை வைக்க முடிந்தால் அவசரப் பாதையின் ஓரமாகவே நடந்து காருக்குப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். இருட்டிலும் மழையிலும் அதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். நடுப்பாதையிலோ வலப்பாதையிலோ நின்றுபோய், இறங்க முடியாத அளவுக்கு வண்டிகள் பறந்தால், இடைவார் போட்டபடி அபாய விளக்கோடு உள்ளேயே இருந்து 999-ஐ அழைக்க வேண்டும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ் உதவி எண் 1800-88-0000. அவர்களுடைய ரோந்து வண்டி வந்து பின்னால் பாதுகாப்புக் கொடுக்கும்; காரை அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துச் செல்லவும் உதவுவார்கள். நீங்கள் யாரையும் அழைக்காதபோது தானாக வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விலை பேசாமல் கொக்கியை மாட்டிவிட்டு, பெயர் தெரியாத பட்டறையில் கொண்டுபோய் வைத்து நூற்றுக்கணக்கில் கேட்கும் கதை நெகிரியிலும் புதிதில்லை. உங்கள் காப்புறுதியில் இலவச இழுவைச் சேவை இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணையும் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். பம்ப் கோளாறு உள்ள காரை நிறுவனம் திரும்ப அழைக்கும்போது பம்ப்பையும் கூலியையும் சேர்த்து இலவசமாகவே மாற்றித் தருகிறது. உரிமையாளருக்குக் கடிதம் அனுப்புகிறது. அந்தக் கடிதம் யாருக்குப் போகிறது? நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள பெயருக்கும் முகவரிக்கும். அது பெரும்பாலும் காரைப் புதிதாக வாங்கியவரின் முகவரி. அவர் விற்று, தரகர் வாங்கி, இன்னொருவர் ஓட்டி, மூன்றாவதாக நம்மிடம் வந்த காருக்கு அந்தக் கடிதம் எப்படி வந்து சேரும்? நம் பெயரில் மாற்றிய கார் என்றாலும், தோட்டத்து லயத்து வீட்டு எண்ணையே முகவரியாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? தோட்ட ஆபீசில் கிராணி பெயர் கூப்பிட்டுத் தபாலைக் கொடுத்த காலம் போய்விட்டது. நெகிரியில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். லயம் இருந்த இடத்தில் வேறு ஒருவரின் வீட்டு வரவேற்பறை இருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு. வங்கிக் கடன் வேறொருவர் பெயரில், மாதத் தவணை நம் கையில் என்று 'சம்போங் பாயார்' முறையில் கார் எடுத்தவர்கள். சட்டப்படி சிக்கலான அந்த ஏற்பாட்டில் நமக்கு எந்தக் கடிதமும் வராது. வர வேண்டிய காரணமும் நிறுவனத்துக்கு இல்லை.

கடிதம் வந்து சேராததன் விலையை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. தக்காத்தா காற்றுப்பை வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்ததில், அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் சரவாக்கின் சிபுவில் 2014 ஜூலையில் நிகழ்ந்தது. இறந்தவர் ஒரு கர்ப்பிணிப் பெண். அவர் ஓட்டியது 2003-ஆம் ஆண்டு தயாரான ஹோண்டா சிட்டி. அதன் பிறகு ஆண்டுக்கணக்காக விளம்பரம் செய்தும், பழைய கார்கள் பல கைமாறிப் போனதால் உரிமையாளர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடானது.

ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். காரின் கிரானை எடுங்கள். அதில் செசிஸ் எண் இருக்கும், பெரும்பாலும் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. கிரான் கையில் இல்லாவிட்டால், முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ அது பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டால், மாற்ற வேண்டிய பாகம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். இணையம் பழக்கமில்லாதவர்கள் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. அதுவும் முடியாவிட்டால் சிரம்பானில் உள்ள அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போய் எண்ணைக் காட்டினால் போதும். எத்தனையாவது கை என்பது பொருட்டில்லை. திரும்ப அழைப்பு காருக்குத்தான், முதல் முதலாளிக்கு இல்லை. சர்வீஸ் எல்லாம் வெளிப் பட்டறையில் செய்திருந்தாலும், காப்புக்காலம் முடிந்திருந்தாலும் இந்த வேலைக்குக் காசு கேட்கக்கூடாது.

பம்ப் போய்விட்டது என்று பட்டறையில் சொன்னால், காசு கொடுத்து மாற்றும் முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். பொத்தோங் கடையில் கழற்றிய பழைய பம்ப்பை மலிவாக வாங்கிப் போடுவது நம்மிடம் வழக்கம். கதவு, விளக்கு என்றால் சரி. பம்ப் விஷயத்தில் அது திரும்ப அழைக்கப்பட்ட அதே வரிசைப் பம்ப்பாகவே இருக்கலாம். போமன் எதையும் கழற்றும் முன் காரின் கணினியை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நின்ற நேரத்தில் என்ன கோளாறு என்று அதில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் அந்தப் பதிவு அழிந்துபோகலாம்.

தரகரிடம் வாங்கிய கார் சில வாரத்திலேயே இப்படி நிற்கத் தொடங்கி, அவர் கையை விரித்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் கடைக்கும் பொருந்தும். தனியாளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் பொருந்தாது. பயனீட்டாளர் கோரல் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். விற்பனை ரசீது, இழுவை வண்டி ரசீது, பட்டறையில் எழுதிக் கொடுத்த அறிக்கை, ஸ்கேன் செய்த தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, சிரம்பானில் உள்ள உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி.